பட்டியலில் இருக்கிற கண்டுபிடிப்பை உரிமம் எடுக்கலாமா?

வாசகர் கேள்வி: நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஒரு சிறிய ரேபிட் கிட் நிறுவனம் நடத்துகிறோம். ஊழியர்கள் ஒன்பது பேர். வெளியே ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) வாங்கி, சோதனை ஸ்ட்ரிப் செய்து விற்பதுதான் இதுவரை தொழில். அமெரிக்க அரசு ஆய்வகம் ஒன்று உரிமத்துக்கு வைத்திருக்கும் கண்டுபிடிப்புகளின் பட்டியலில், சிறுநீரகப் பாதிப்பைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும் ஒரு புரதத்துக்கான ஆன்டிபாடி ஜோடியைப் பார்த்தோம். 'உரிமம் வழங்கவும், கூட்டாக மேம்படுத்தவும் தயார்' என்று போட்டிருக்கிறார்கள். நிலை: விலங்குச் சோதனை. ஒரு பி.சி.டி. காப்புரிமை விண்ணப்ப எண்ணும் இருக்கிறது. நாங்கள் அமெரிக்காவில் இல்லை. 'எடுத்தால் பிரத்தியேக உரிமம்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய கம்பெனி பின்னால் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்' என்கிறார் மைத்துனர். ஆய்வுக் கட்டுரைதான் வெளியாகிவிட்டதே, அதைப் பார்த்து நாமே செய்தால் என்ன என்று எங்கள் ஆய்வகத் தம்பி கேட்கிறார். இதை எடுக்கலாமா? எவ்வளவு கேட்பார்கள்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

எடுக்க முயற்சி செய்யுங்கள். ஆனால் இப்போதே உரிமம் கேட்காதீர்கள், வேறு யாருக்கும் தராமல் உங்களுக்கு மட்டும் தரும் பிரத்தியேக உரிமம் வேண்டவே வேண்டாம். முதலில் அந்த ஆன்டிபாடியில் கொஞ்சம் வாங்கி உங்கள் ஸ்ட்ரிப்பில் வைத்துப் பாருங்கள். நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பட்டியல்களை முதன்முறை பார்க்கிறவர்களுக்கு ஏதோ கடைக்குள் நுழைந்த நினைப்பு வந்துவிடுகிறது. பொருள் தயார், பணம் கட்டினால் கையில் கிடைக்கும் என்று. அங்கே இருப்பது நாற்றங்கால். நட்டு, தண்ணீர் விட்டு, பூச்சி பார்த்து, அறுவடை செய்கிற வேலை முழுக்க எடுப்பவருடையது. நீங்கள் பார்த்த பட்டியலிலேயே 'விலங்குச் சோதனை' என்று இருக்கிறது. எலியின் சிறுநீரில் இந்தப் புரதம் ஏறியதைப் பார்த்திருப்பார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும், சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் கூடவே உள்ள ஒரு மனிதரின் சிறுநீரில் அது என்ன செய்யும் என்பது வேறு விஷயம்.

சிறுநீரகத் துறையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. சிறுநீரகப் பாதிப்பை அறிய ரத்தத்தில் வழக்கமாகப் பார்க்கும் கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும், அதற்கு முன்பே எச்சரிக்கும் புரதம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். 2008இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ஏழு சிறுநீர்க் குறியீடுகளை ஏற்றுக்கொண்டன. அந்த ஏற்பு, புதிய மருந்துகளை எலிகளில் சோதிக்கும்போது பயன்படுத்துவதற்கு. மனிதர்களில் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் அபாயத்தைக் கணிக்கும் முதல் சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2014இல். அது அளந்த இரண்டு புரதங்களும் அந்த ஏழில் இல்லை. எலிக்குச் சரியாக வந்தது மனிதருக்கு வரும் என்று எண்ணி நிறுவனத்தின் பணத்தைப் போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் மோசடி என்று எதுவும் இல்லை. ஆம்ஜென் மருந்து நிறுவனம், புற்றுநோய்த் துறையில் முக்கியமானவை எனக் கருதப்பட்ட 53 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்ததில் 6 மட்டுமே உறுதிப்பட்டதாக 2012இல் அதன் முன்னாள் ஆய்வுத் தலைவர் ஒருவர் எழுதினார். அவை எல்லாம் நல்ல இதழ்களில் வந்தவை. ஒரு ஆய்வகத்தில், ஒரு குறிப்பிட்ட கையில், ஒரு குறிப்பிட்ட எலிக்கூட்டத்தில் வேலை செய்தது வெளியே வந்ததும் சுணங்கிவிடுகிறது. அரசு ஆய்வகம் என்பதால் இந்த விதி தளர்ந்துவிடாது.

சரி, மாதிரி வந்ததும் என்ன பார்க்க வேண்டும்? இது உங்கள் தொழில், எனக்குப் பாடம் எடுக்கும் தகுதி இல்லை. இருந்தாலும் உரிமப் பேச்சுவார்த்தைகளில் திரும்பத் திரும்பக் குழி விழும் இடங்கள் சில உண்டு. அந்த ஜோடி எலைசாவில் (புரதத்தின் அளவை ஆன்டிபாடி கொண்டு அளக்கும் ஆய்வகச் சோதனை) வேலை செய்ததா, வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னொரு ஆய்வகச் சோதனையில் மட்டுமா என்று கேளுங்கள். பிளாட்டில் புரதத்தை உருக்குலைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அதைப் பிடிக்கிற ஆன்டிபாடி, இயல்பான வடிவத்தில் மடிந்திருக்கும் புரதத்தைக் கண்டுகொள்ளாமலே போகலாம். எலைசாவில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிடித்ததை, ஸ்ட்ரிப்பில் சில நிமிடத்தில் ஓடுகிற திரவத்தில் பிடிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஸ்ட்ரிப்பில் கோடாகத் தெரிய வைக்கும் தங்கத் துகளில் ஒட்டிய பிறகும் பிடிப்பு நிற்கிறதா? மனிதச் சிறுநீரின் அமிலத்தன்மையும் உப்பும் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும், அதைத் தாங்குகிறதா? புரதம் மனிதருடையதா எலியுடையதா, ஆன்டிபாடி இரண்டையும் அடையாளம் காண்கிறதா? இதையெல்லாம் சுருக்கக் குறிப்பில் எழுத மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்ட பிறகு மூலத் தரவையும் பெரும்பாலும் காட்டுவார்கள்.

இன்னொன்று முக்கியம். ஆன்டிபாடியைத் தருகிற ஹைப்ரிடோமா செல் இன்னும் உயிரோடு இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது, அதன் மரபு வரிசை படிக்கப்பட்டிருக்கிறதா? உறைவித்த குப்பியை எடுத்து வளர்த்தால் உற்பத்தியே நின்றுபோன செல்களை நான் பார்த்திருக்கிறேன். காப்புரிமை மட்டும் பத்திரமாக இருந்து, செல் செத்துப்போயிருந்தால் உங்கள் கையில் காகிதம்தான் மிஞ்சும். வரிசை இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வேறு செல்லில் உற்பத்தி செய்துகொள்ளலாம்.

இப்போது அந்த பி.சி.டி. எண். இதை 'உலகக் காப்புரிமை' என்று நினைத்துக்கொள்வது வழக்கமான குழப்பம். உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. பி.சி.டி. என்பது பல நாடுகளுக்குமாகச் சேர்த்து ஒரே இடத்தில் போடும் விண்ணப்பம், அவ்வளவுதான். முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் அதைப் போட வேண்டும், 18ஆம் மாதத்தில் அது வெளியாகும். பிறகு 30 மாதத்துக்குள், சில நாடுகளில் 31 மாதத்துக்குள், நாடு நாடாகத் தனித்தனியே நுழைய வேண்டும். நுழையாத நாட்டில் அந்த விண்ணப்பத்தை வைத்துக் காப்புரிமை வராது. அமெரிக்க அரசு ஆய்வகங்கள் எல்லா நாடுகளிலும் நுழைவதில்லை. யாரும் எடுக்காத கண்டுபிடிப்புக்கு நாட்டுக்கு நாடு கட்டணம் கட்ட எந்த அலுவலகமும் தயங்கும்.

ஆகவே உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இலவசத் தேடல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு முன்னுரிமைத் தேதியை, அதாவது முதல் விண்ணப்பத் தேதியை, பாருங்கள். 30 மாதம் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் நீங்கள் தயாரிக்கும், விற்கும் நாடுகளில் நுழைந்தார்களா? நுழையவில்லையென்றால் அங்கே உங்களுக்குக் காப்புரிமை உரிமமே தேவையில்லை. செல்லையும் அதனுடன் வரும் செய்முறை அறிவையும் பெற 'உயிரியல் பொருள் உரிமம்' போதும். இது எளிமையானது, பெரும்பாலும் மலிவானது, பிரத்தியேகம் என்ற பேச்சே வராது. இப்படி ஒரு வகை இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாமலே பெரிய ஒப்பந்தத்துக்குள் போய்விடுகிறார்கள்.

தேதி தாண்டவில்லையென்றால் அதுவும் உங்களுக்குச் சாதகமே. 'எங்களுக்கு இந்த நாட்டில் வேண்டும்' என்று உருப்படியான ஒருவர் கேட்டால், அந்த நாட்டுக்கான விண்ணப்பத்தைப் போட அலுவலகம் முன்வரலாம். செலவை உங்களிடம் கேட்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

விண்ணப்பத்தை எடுத்ததும் கடைசியில் இருக்கும் உரிமைக்கோரல்களைப் படியுங்கள். முன்பக்கத்து விளக்கம் விரிவாகத்தான் இருக்கும், சட்டப்படி கைக்கு வருவது கோரல்கள்தான். 'இந்தப் புரதத்தில் ஒட்டும் எந்த ஆன்டிபாடியும்' என்று அகலமாகக் கேட்டிருந்தால் அது நிற்பது சந்தேகம். 2023இல் ஆம்ஜென், சனோஃபி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட அகலமான கோரல்களைச் செல்லாது என்றது. 'இந்தப் புரதம் ஏறினால் சிறுநீரகப் பாதிப்பு என்று கண்டறியும் முறை' என்று இருந்தால், 2012இல் அதே நீதிமன்றம் தந்த மேயோ தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவில் அதற்கும் பலம் குறைவு. இயற்கையில் உள்ள தொடர்பைக் கவனித்துச் சொல்வது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது அந்தத் தீர்ப்பு. குறிப்பிட்ட அமினோ அமில வரிசையுள்ள ஆன்டிபாடியைக் கோரியிருந்தால் அது உறுதியானது. ஆனால் குறுகியது. அதே புரதத்துக்கு வேறொரு ஆன்டிபாடி செய்து இன்னொருவர் பக்கத்தில் கடை போடுவதை அது தடுக்காது.

மைத்துனரின் வாதம் இங்கேதான் ஆட்டம் காண்கிறது. பெரிய கம்பெனி வந்து அள்ளிக்கொண்டு போக நினைத்தால் இந்தப் பிரத்தியேக உரிமம் அதைத் தடுக்கப் போவதில்லை. அது தன் சொந்த ஆன்டிபாடியோடு வரும். உங்களைக் காப்பாற்றுவது, மருத்துவமனை மாதிரிகளில் சோதித்து, அனுமதி வாங்கி, சந்தையில் முதலில் நிற்பதுதான்.

அதோடு பிரத்தியேக உரிமம் கேட்டவுடன் கிடைக்கிற பொருளும் இல்லை. அமெரிக்க அரசுக்குச் சொந்தமான கண்டுபிடிப்பென்றால், அதைத் தரப்போவதாக முன்கூட்டியே பொது அறிவிப்பு வெளியிட்டு, குறைந்தது 15 நாள் மற்றவர்களின் ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும். பிரத்தியேகம் கொடுத்தால்தான் யாராவது முதலீடு செய்வார்கள் என்றும், தேவைக்கு மேல் அகலமாகக் கொடுக்கவில்லை என்றும் அலுவலகம் காட்டியாக வேண்டும். ஏற்கனவே கிட் சந்தையில் இருக்கும் உங்களைப் போன்றவர்கள் 'பிரத்தியேகம் இல்லாவிட்டால் செய்யவே மாட்டோம்' என்று வாதிடுவது கடினம். அமெரிக்காவில் விற்கும் உரிமையும் வேண்டுமென்றால் பொருளைப் பெருமளவு அமெரிக்காவிலேயே தயாரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக உண்டு. அங்கே ஆலை இல்லாத உங்களுக்கு அது சுமை. எனவே அமெரிக்கச் சந்தையை இப்போதைக்கு விட்டுவிட்டு, நீங்கள் விற்கும் நாடுகளுக்கு மட்டும், ரேபிட் ஸ்ட்ரிப் என்ற பயன்பாட்டுக்கு மட்டும் கேளுங்கள். பெரிய இயந்திரங்களில் ஓடும் சோதனை, மருந்தாகப் பயன்படுத்துவது எல்லாம் உங்களுக்கு எதற்கு?

பிரத்தியேகமில்லாத உரிமம் என்றால் இரண்டாந்தரம் என்று எண்ண வேண்டாம். மரபணுக்களை வெட்டி ஒட்டும் கோஹன், போயர் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் யார் கேட்டாலும் கொடுத்தது. முதல் காப்புரிமை 1980இல் கிடைத்து, 1997இல் காலாவதியாவதற்குள் 468 நிறுவனங்கள் எடுத்தன. உயிரித் தொழில்நுட்பத் தொழிலே அதன் மேல்தான் எழுந்தது, பல்கலைக்கழகங்களுக்குச் சுமார் 25 கோடி டாலரும் வந்தது. இடத்தை வரையறுத்துக் கொடுத்தாலும் பெரிய காரியம் நடக்கும். ஆப்பிரிக்காவில் மூளைக்காய்ச்சல் அடிக்கடி பரவும் நாடுகளுக்கான மென்ஆஃப்ரிவாக் தடுப்பூசியின் அடிப்படை முறை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்.ஐ.எச்.) உரிம அலுவலகம் வழியாக அது பாத் என்ற தொண்டு அமைப்புக்குப் போய், அங்கிருந்து இந்தியாவின் சீரம் இன்ஸ்டிட்யூட் என்ற தடுப்பூசி நிறுவனத்துக்கு வந்து, 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் மக்களுக்குப் போடப்பட்டது. விலை டோஸுக்கு அரை டாலருக்கும் கீழே.

பிரத்தியேகம் நியாயமாகத் தேவைப்படும் இடமும் உண்டு. புது மருந்து, புதுத் தடுப்பூசி என்றால் பல ஆண்டு மனிதச் சோதனைக்குப் பெரும்பணம் போடுகிறவர் தனி உரிமை கேட்கத்தான் செய்வார். ஸ்ட்ரிப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொகை பேச்சில்தான் முடிவாகும், ஆனால் எத்தனை வாசல் வழியாகப் பணம் வெளியே போகும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும்போது ஒரு தொகை. விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் குறைந்தபட்ச ராயல்டி. அனுமதி கிடைத்தால் ஒரு தொகை, முதல் விற்பனைக்கு ஒரு தொகை. பிறகு நிகர விற்பனையில் சதவீதம். பிரத்தியேகமாக எடுத்தால் இதுவரை ஆன காப்புரிமைச் செலவும் இனி ஆகப்போவதும் உங்கள் தலையில் விழும். சிறு நிறுவனங்கள் ராயல்டி சதவீதத்துக்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, அவர்களை உண்மையில் மூழ்கடிக்கப் போகும் குறைந்தபட்ச ராயல்டியையும் காப்புரிமைச் செலவையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகின்றன. விற்பனையே இல்லாத முதல் சில ஆண்டுகளுக்கு அந்த ஆண்டுத் தொகையைக் குறைத்துக் கேளுங்கள். அலுவலகங்கள் இதில் இறங்கி வருவதுண்டு, அவர்களுக்கும் கண்டுபிடிப்பு அலமாரியை விட்டு வெளியே போவதுதான் வேண்டும்.

வேறு யாருக்காவது ராயல்டி கட்ட வேண்டி வந்தால் இவர்களுக்கான சதவீதம் குறையும் என்று ஒரு பிரிவு சேருங்கள். காப்புரிமைக்கான ராயல்டியையும் செல்லுக்கான ராயல்டியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். காப்புரிமை காலாவதியான பிறகு அதற்கு ராயல்டி வாங்க முடியாது என்பது அமெரிக்காவில் 1964இலிருந்து சட்டம், 2015இல் மறுபடியும் உறுதி செய்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் எது எப்போது முடிகிறது என்று பின்னால் சண்டை வரும்.

உங்களிடம் அவர்கள் முதலில் கேட்கப்போவது பணத்தை அல்ல, வளர்ச்சித் திட்டத்தை. எந்த மாதத்தில் ஸ்ட்ரிப் மாதிரி, எப்போது மருத்துவமனை மாதிரிகளில் சோதனை, யார் செய்வார்கள், பணம் எங்கிருந்து என்று. அதில் எழுதும் தேதிகள் ஒப்பந்தத்துக்குள் வரும், தவறினால் உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆர்வக் கோளாறில் ஒரு வருடத்தில் எல்லாம் முடித்துவிடுவோம் என்று எழுதாதீர்கள். உரிமக் கட்டணத்தைவிட மருத்துவமனைச் சோதனைக்குத்தான் உங்களுக்கு அதிகம் செலவாகும். அதற்கு ஒரு சிறுநீரக மருத்துவர் உடன் இருக்கிறார் என்று திட்டத்தில் காட்ட முடிந்தால், ஒன்பது பேர் நிறுவனம் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

'கூட்டாக மேம்படுத்தவும் தயார்' என்ற வரி வேறு ஒப்பந்தத்தைக் குறிக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கூட்டு ஆய்வு ஒப்பந்தம் அது. ஆய்வகம் ஆள் தரும், கருவி தரும், பொருள் தரும், பணம் தராது. நீங்கள் பணம் தரலாம். அதில் புதிதாக ஏதாவது பிறந்தால் உரிமம் கேட்க உங்களுக்கு முதல் வாய்ப்பு. உங்கள் ஸ்ட்ரிப் அனுபவம் அவர்களிடம் இல்லாதது என்பதால் இது உங்களுக்குப் பொருந்தும். ஆனால் மாதிரி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு இவ்வளவு பெரிய ஒப்பந்தம் வேண்டாம், பொருள் பரிமாற்ற ஒப்பந்தமோ குறுகிய கால மதிப்பீட்டு உரிமமோ போதும்.

ஆய்வகத் தம்பியின் கேள்வி நியாயமானது. கட்டுரை வெளியானதால் அறிவு பொதுவாகிறது, உரிமை பொதுவாவதில்லை. தயாரிக்கும் நாட்டிலும் விற்கும் நாட்டிலும் காப்புரிமை இல்லை, விண்ணப்பமும் நிலுவையில் இல்லை என்றால், வெளியான ஆன்டிபாடி வரிசையை வைத்து நீங்களே செய்துகொள்ளத் தடை இல்லை. அங்கிருந்து காப்புரிமை உள்ள நாட்டுக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் பிரச்சினைதான். ஆராய்ச்சிக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கலாமே என்றால், அந்த விலக்கு நாட்டுக்கு நாடு வேறு. விற்கப்போகிற நிறுவனம் அதன் பின்னால் நிற்க முடியாது. கட்டுரையை மட்டும் வைத்துச் செய்தால் செய்முறை அறிவும் கிடைக்காது. எந்த உப்புக் கரைசலில் வைத்தால் அது கட்டியாகிறது என்பதெல்லாம் கட்டுரையில் இருக்காது.

கண்டுபிடித்த விஞ்ஞானியிடம் நேராகப் பேசுங்கள், அவர்கள் பெரும்பாலும் தாராளமாகப் பேசுவார்கள். ஆனால் உரிமத்தை அவர் தர முடியாது, விலையும் அவர் சொல்ல முடியாது. அமெரிக்க அரசு விஞ்ஞானிகளுக்கு ராயல்டியில் குறைந்தது 15 சதவீதப் பங்கு சட்டப்படி உண்டு, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரை. அவருடைய உற்சாகத்தைக் கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும். ஆலோசகராக வரச் சொல்லி இப்போதே பணம் பேசிவிடாதீர்கள், அதற்கு அவர் தன் நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும். அவசரப்பட்டால் உங்கள் விண்ணப்பமே சிக்கலாகும்.

இந்த வாரம் முன்னுரிமைத் தேதியைப் பாருங்கள். 30 மாதக் கெடு முடிய ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் மாதிரி வரும்வரை காத்திருக்காமல், பட்டியலில் உள்ள உரிம அதிகாரிக்கு எந்தெந்த நாடு உங்களுக்கு முக்கியம் என்று எழுதிவிடுங்கள். உரிமம் எடுப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஆர்வம் இருக்கிறது என்று தெரிந்தாலே அந்த நாடுகளை விட்டுவிடுவதற்கு முன் உங்களைக் கேட்பார்கள். நிறைய நாள் இருந்தால் மாதிரி மட்டும் கேட்டு எழுதுங்கள்.